பிள்ளைகளோடு ஒரு முழு நாள்: கொழும்பில் எந்த நூதனசாலைக்குப் போகலாம்?

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கி இரண்டாவது கிழமைக்குள் எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும்: பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை சாப்பிட்டுவிட்டு வருவதற்கு யாரும் யோசிப்பதில்லை. காலையில் வெளிக்கிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு முழு நாள் என்றால்தான் தடுமாற்றம். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பெரியம்மாவின் பிள்ளைகளும் வந்து நின்றால் தடுமாற்றம் இரட்டிப்பாகும். அவர்கள் அங்கே சிறுவர் நூதனசாலைகளைப் பார்த்துப் பழகியவர்கள்.

அந்த வகை நூதனசாலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நியூயோர்க்கின் புரூக்ளினில் 1899இல் ஒன்று திறந்தார்கள், உலகத்தில் முதலாவது அதுதான். பொஸ்ரனில் 1913இல் இன்னொன்று வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்ததைப் பார்த்துவிட்டுப் போவதைவிட, பிள்ளை கையால் தொட்டு, திருப்பி, கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். கொழும்பில் நமக்குத் தெரிந்த பெரிய நூதனசாலைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டி வகை. "தொடாதே" என்ற சொல்லைத்தான் பிள்ளை அங்கே அதிகம் கேட்கும்.

ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும்போது நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். கூட்டத்தில் ஆகச் சின்னப் பிள்ளைக்கு என்ன வயது? அந்த இடத்தில் பிள்ளைக்குத் தமிழில் கதை சொல்ல வழி இருக்கிறதா? முதலாவதை எல்லோரும் யோசிப்பார்கள். இரண்டாவதை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். தன் மொழியில் விளங்கிய ஒரு பொருளைப் பிள்ளை வீட்டுக்கு வந்தும் பேசிக்கொண்டிருக்கும். விளங்காத பத்து அறைகளை வாசல் தாண்டும் முன்னமே மறந்துவிடும்.

தேசிய நூதனசாலையிலிருந்து தொடங்குகிறேன், என் முதல் தெரிவு அதுதான். ஆனால் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான். 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடம் அது. கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். வேலை முடிந்ததும் "உமக்கு என்ன வேண்டும்" என்று ஆளுநர் கேட்டதாகவும், முஸ்லிம்களின் தொழுகை நாளான வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டதாகவும் சொல்வார்கள். பெரிய ஆலமரத்தைத் தாண்டி உள்ளே நுழையும்போதே பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். கட்டடத்துக்குள் போகுமுன் கட்டியவருடைய பெயர் தெரிந்துவிட்டால் அந்தச் சுவர்களை அவர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

உள்ளே எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். அப்படிப் போனால் மூன்றாவது அறையிலேயே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று பொருள் போதும்.

முதலாவது, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், அதிலுள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் வெட்டியிருக்கிறார்கள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைப் பக்கத்துக் கோயிலில் இருந்த தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது, அவர் திருமாலின் வடிவம். பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைகளின் கணக்கும் இருக்கிறது. இந்தக் கல்லை 1911இல் காலி நகரத்தில் ஒரு வடிகானுக்கு மூடியாகப் போட்டிருந்த நிலையில்தான் கண்டெடுத்தார்கள்.

இதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் கல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். "இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எங்கேயாவது இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். கல் தேய்ந்துபோயிருக்கிறது, சீன எழுத்துத்தான் கொஞ்சம் தெளிவு, அதனால் உடனே கிடைக்காது. பிள்ளை குனிந்து பார்க்கும், பக்கவாட்டில் போய்ப் பார்க்கும், வெளிச்சம் படும் கோணத்தைத் தேடும். எங்கள் வீட்டு மூன்றாம் தரத்துப் பிள்ளை மூக்குக் கல்லில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்விட்டது, பிறகு பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. அறுநூறு வருஷத்துக்கு முந்திய எழுத்து இன்றைய எழுத்து மாதிரியே இருக்காது என்பதையும் அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு எழுத்தைப் பிடித்துவிட்டால் போதும், அந்த முகத்தைப் பார்க்கவே டிக்கெட் காசைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து கிடைத்த வெண்கலச் சிலைகள். நடராஜரும் இருக்கிறார், சுந்தரமூர்த்தி நாயனாரும் இருக்கிறார். அறநெறிப் பாடசாலைக்கோ பரதநாட்டிய வகுப்புக்கோ போகும் பிள்ளை என்றால் இங்கே நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை, அதுவே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். எந்தக் கால் தூக்கியிருக்கிறது, எந்தக் கையில் நெருப்பு, காலடியில் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் பெரியவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூதனசாலைப் பக்கத்து வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். நடராஜர் வடிவத்தின் பொருளை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் அவர். பிறந்தது இதே கொழும்பில், நூதனசாலை திறந்த அதே 1877இல். பின்னாளில் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல தொடுப்பு வேறில்லை.

மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கொடுத்தது. 1815க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. கைப்பிடிகளில் சிங்கம், முதுகுப்புறத்தில் சூரியன். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பெயர் தெரிந்திருக்கும். நாயக்கர் வம்சத்து அந்த அரசன் வேலூரில் சிறைப்பட்டு இறந்த கதையை இங்கே நின்று சொன்னால், பாடப் புத்தகத்து வரி ஒரு நாற்காலியாகக் கண் முன்னே நிற்கும்.

இவ்வளவுதான். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பழைய கட்டடம், மாடிப்படி ஏற வேண்டும், மத்தியானத்தில் புழுங்கும். முழங்கால் வலியுள்ள அம்மம்மாவைக் கூட்டிப்போனால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடசாலை நாட்களில் தூர ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், அந்த நெரிசலில் சிம்மாசனத்தைக் கிட்டப் பார்ப்பது கஷ்டம். காலையில் திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது நல்லது. அப்புறம், உள்ளூர்வாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிட நல்லாய்க் கூடின கட்டணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த சொந்தங்கள் இருந்தால் அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள், உங்கள் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது, 1986இல் திறந்தது. அதற்கு வேறு டிக்கெட். பாடம் செய்த விலங்குகள், எலும்புக்கூடுகள், மாதிரிகள். காட்சிகள் பழையவை, வெளிச்சமும் குறைவு. ஆனாலும் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இது தேசிய நூதனசாலையைவிடப் பிடிக்கிறது, ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்ல யாருடைய உதவியும் தேவையில்லைதானே. இரண்டையும் ஒரே நாளில் முழுதாகப் பார்க்க முயல வேண்டாம். ஒன்றை முக்கியமாக வைத்து மற்றதை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம்.

இந்தப் பக்கத்தின் பெரிய பலம் விகாரமகாதேவி பூங்கா. நடந்தே போகலாம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் விட்டுவிடலாம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் படங்களை வரிசையாக வைத்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொண்டு நடக்கலாம், அதற்குக் காசு இல்லை. கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு 138ஆம் இலக்க பஸ் இந்தப் பக்கத்தால் போகும். வெள்ளவத்தையிலிருந்து என்றால் ஓட்டோதான் சுகம்.

கோள்மண்டலமும் அங்கிருந்து தூரமில்லை, ஸ்ரான்லி விஜேசுந்தர மாவத்தையில் இருக்கிறது. பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் வடிவமைப்பில் 1965இல் கைத்தொழில் கண்காட்சிக்காக எழுந்த தாமரை வடிவக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். உள்ளே இருட்டாக்கி, தலைக்கு மேல் வானத்தைக் காட்டுவார்கள். நட்சத்திரம், கிரகம் என்று பைத்தியமாகத் திரியும் எட்டு பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் போன்ற அனுபவம் கொழும்பில் வேறெங்கும் கிடைக்காது. இங்கேதான் மொழி விஷயம் முழுதாகத் தலைதூக்கும். காட்சி என்றால் விளக்கவுரைதான் எல்லாம், அது மொழிவாரியாக வெவ்வேறு நேரத்தில் நடக்கும். தமிழ்க் காட்சி எந்த நாள், எத்தனை மணிக்கு என்று தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தாமல் வெளிக்கிடவே வேண்டாம். திருத்த வேலைக்காக மூடிவைக்கும் காலங்களும் உண்டு, அதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போக நான் சொல்லமாட்டேன். விளக்கு அணைந்ததும் ஒன்று அழத் தொடங்கினால் மற்றவர்களுக்கும் காட்சி போய்விடும்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை நூதனசாலைக் கணக்கில் வராது, ஆனால் நம் வீடுகளில் போட்டி எப்போதும் அதோடுதான். "மிருகக்காட்சிச்சாலைக்கே போவோம்" என்று ஒரு குரல் வந்ததும் மற்ற எல்லாப் பேச்சும் அடங்கிவிடும். அரசாங்கம் 1936இல் பொறுப்பெடுத்த இடம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீன் தொட்டிகள், பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள் என்று அவர்களுடைய கண்ணுக்கு ஓய்வே இராது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குக் கிட்டவும்தான். காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் தெஹிவளைச் சந்திக்கு வந்து அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் போதும்.

ஆனால் ஏற்ற இறக்கமான நிலம் அது. தள்ளுவண்டியோடு போனால் கை வலிக்கும், வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும் மிருகத்தைப் பார்த்து "அது ஏன் அப்படி நடக்குது?" என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கும்போது என்னால் நல்ல பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் பெரிய பிள்ளைகளோடு போவதற்கு இது என் தெரிவாக இல்லை. அந்தக் கேள்வி எழ வேண்டிய கேள்விதான் என்று நினைக்கும் பெற்றோர் தாராளமாகக் கூட்டிப்போகலாம், பேச நிறைய இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுத நினைத்தேன். கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கற் கட்டடத்துக்குள் இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை நூதனசாலை இருக்கிறது. 2019 டிசம்பரில் தொடங்கி, பிறகு இந்த இடத்துக்கு மாறியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் சமமாக வைத்து நடத்துகிறார்கள். சுவரில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒழுங்கான தமிழில் இருக்கும். மற்ற இடங்களில் தமிழ் என்று பெயருக்கு ஒரு வரி மூலையில் கிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே நின்று ஒரு முழுப் பந்தியைத் தமிழில் வாசிப்பது தனிச் சந்தோஷம். பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு நாம் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அனுமதி இலவசம். குளிரூட்டிய இடம், மின்தூக்கி இருக்கிறது, கட்டடத்திலேயே சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

"நவீன ஓவியம் பிள்ளைக்கு எங்கே விளங்கும்?" என்று என் மாமி கேட்டார். பிள்ளைகளுக்குத்தான் முதலில் விளங்குகிறது என்று அவருக்கு நான் சொன்னேன். இது என்னவென்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள், ஆறு வயதுப் பிள்ளை நிமிஷத்தில் நாலு பதில் சொல்லும். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள், பிடித்த ஒன்றைப் பார்த்து வரையட்டும். குறை ஒன்று உண்டு, இடம் சின்னது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காது. காட்சிகளை மாற்றும் இடைவெளியில் மூடியிருப்பதும் உண்டு, ஆகவே கேட்டுவிட்டுப் போகவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்கள் கரையோர ரயிலில் கொள்ளுப்பிட்டி வரை போங்கள். கடல் அலை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து உடைவதைப் பார்த்தபடி போகும் அந்தப் பத்து நிமிஷமே பிள்ளைகளுக்குப் பாதி உல்லாசம்.

கோட்டையில் சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை (முன்பு நாணய நூதனசாலை) பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. 1914இல் கட்டிய அழகான கட்டடம், அனுமதி இலவசம். யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட நாணயங்களில் நந்தியும் "சேது" என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும், உள்ளே போனால் அவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே வந்தால் அதே வீதி முனையில் மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் மணிக்கூட்டுக்காகக் கட்டி, பத்து வருஷம் கழித்து அதன் தலையில் விளக்கை வைத்துக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினார்கள். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலையும் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டு வீடு, நடுவில் முற்றம். இதற்காக மட்டும் சின்னப் பிள்ளைகளைப் புறக்கோட்டை நெரிசலுக்குள் இழுத்துப் போக வேண்டாம்.

இரத்மலானையில் விமானப்படை நூதனசாலை உண்டு, உண்மையான விமானங்களைக் கிட்டப் பார்க்கலாம், ஆண் பெண் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே போர்க்கால விமானங்களும் நிற்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்த அப்பப்பாவோ சித்தியோ உங்களோடு வந்தால் அவர்களுக்கு அந்த நாள் எப்படியிருக்கும் என்று ஒரு தரம் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். இது ஒவ்வொரு குடும்பமும் தானாக எடுக்கவேண்டிய முடிவு.

சரி, என்ன செய்யலாம்? பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைதான் ஆகச் சின்னது என்றால் மிருகக்காட்சிச்சாலை, அதுவும் காலை வேளையில். மழை நாள் என்றாலோ அம்மம்மா கூட வருகிறார் என்றாலோ ரயிலும் கொள்ளுப்பிட்டிக் கலை நூதனசாலையும், அப்புறம் மழை விட்டால் காலிமுகத்திடல். இரண்டாம் தரத்திலிருந்து ஏழாம் தரம் வரையுள்ள பிள்ளைகள் என்றால் தயங்காமல் தேசிய நூதனசாலையும் பூங்காவும். தமிழ்க் காட்சி நேரம் பொருந்தினால் பின்னேரம் கோள்மண்டலத்தையும் சேர்க்கலாம், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்கென்று இன்னொரு நாள் வைக்கலாம்.

நம் குடும்பங்களில் வயது ஒன்றாக இருப்பதில்லை, மூன்று வயதும் பதின்மூன்று வயதும் ஒரே ஓட்டோவில் ஏறும். அப்படியானால் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருவர் கல்வெட்டையும் சிம்மாசனத்தையும் பார்க்கட்டும், சின்னவர்களோடு மற்றவர் பூங்காவில் இருக்கட்டும். பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றுசேரலாம். தண்ணீர்ப் போத்தலும் மாற்றுச் சட்டையும் பூங்காவில் நிற்பவரிடம் இருக்கட்டும், தேவை அவருக்குத்தான் முதலில் வரும்.